பஸ்ஸுக்குப் போட்ட முள்

வேலியைக் கழிக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறந்ததிலிருந்து நான் கேட்டு, எங்கள் குடும்பத்தில் மறுபேச்சில்லாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான். அதற்கப்புறம் யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கமே எனக்கு விட்டுப் போயிற்று. (என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் வாய்விட்டுச் சிரிப்பார். சிரிக்கட்டும்.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. வீடு வரிச்சிக்குடியில், வேலை காரைக்காலில். வேலை என்றதும் ஆபீஸ், மின்விசிறி, பியூன் என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை முதல் வகுப்புக்கு நான் டீச்சர். அங்கேயே படித்து ஹையர் பாஸ் செய்தவள் என்பதால் முதலாளி கூப்பிட்டு வேலை கொடுத்தார். அவரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். அவர் தெருவில் இருந்த பெண்களுக்கு டைப் படிக்க ஆசை. பெண் டீச்சர் சொல்லிக் கொடுத்தால், அதுவும் ஆண்கள் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் முடித்து அனுப்பினால், சம்மதம் என்று வீடுகளில் சொல்லியிருந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் என் வேலை. ஆறு மணி வகுப்பு. கடைச் சாவி என்னிடம்.

"ஆறு மணிக்குக் கதவு தொறந்திருக்கணும்மா," என்றார் ஹாஜியார் முதல் நாளே. "பொம்பளப் புள்ளைங்க தெருவுல நிக்கக் கூடாது. நான் கேக்குறது அது ஒண்ணுதான்."

எங்கள் ஊருக்கு முதல் பஸ் ஆறரைக்கு மேல்தான் வரும். அதுவும் டிரைவருக்கு மனம் இருந்தால். ஆகவே எனக்குச் சைக்கிள் இருக்கும் வரைதான் வேலை இருக்கும். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், எங்கள் தெருவில் கட்டிக் கிடக்கிற கன்றுக்குட்டிக்கும் தெரியும்.

சைக்கிள் குவைத்தில் இருந்த என் தாய்மாமா லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்தது. பச்சை நிற லேடீஸ் சைக்கிள். டைனமோ, பின்சக்கரத்துக்குத் தாவணி சிக்காமலிருக்க வலை, முன்னால் கூடை. மாமா எதிரில் அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மாமா விமானம் ஏறியதும் அப்பா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்:

"ஓட்டிக்க. வேணாங்கல. ஆனா ஊர்ல ஒரு சொல்லு வந்துச்சுன்னு வச்சுக்க, அன்னைக்கோட நிறுத்திப்புடணும். புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். உண்மையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல் எங்கிருந்து வரும், எதற்காக வரும் என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. காக்காய்க்கு மணி அடிப்பேன். ஆளில்லாத மதகுக்கு மணி அடிப்பேன். சைக்கிளில் உட்கார்ந்தவுடன் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வேன். காரைக்கால் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜீப்பில் போகும்போது வைத்துக்கொள்கிற முகம் அது. எதிரில் வருகிறவர்களைப் பார்த்தும் பார்க்காதது போலப் போவேன். என் மனதில் நான் காலையில் இன்ஸ்டிட்யூட்டைத் திறந்தால்தான் காரைக்காலே விடியும்.

இப்போது வேலிக்கு வருகிறேன்.

எங்கள் தெருவிலிருந்து காரைக்கால் ரோட்டில் திரும்பியதும் கொஞ்ச தூரத்துக்குப் பெரியப்பாவின் கொல்லை. அதன் வேலி ரோட்டை ஒட்டியே போகும். பாதி கருவை, பாதி கொடுக்காப்புளி. இரண்டுமே முள்ளுக்குப் பேர் போனவை. பல மழைக்காலம் பார்த்து, கத்தி படாமல் வளர்ந்து, ரோட்டின் மேல் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ரோடோ ஒரு பஸ் அகலம். எதிரில் பஸ் வந்தால் சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்க வேண்டும்; ஓரத்தில் வேலி காத்துக்கொண்டிருக்கும். நான் வேலை முடிந்து திரும்பும் நேரமும் பஸ் வரும் நேரமும் ஒன்று. வாரத்துக்கு ஒருமுறையாவது தாவணியில் கிழிசலுடனோ முழங்கையில் கீறலுடனோதான் வீட்டுக்கு வருவேன். ஒருநாள் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே, "மூஞ்சில வடு உழுந்தா எவன்டி கட்டிக்குவான்?" என்று அழுதாள். எனக்கோ வலியைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் ஈஸிசேரில் சாய்ந்து கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நம்ம கொல்ல வேலி ரோட்டுக்கு நீட்டிக்கிட்டு இருக்குங்க. கழிச்சு விட்டா நல்லது. போறவங்க வர்றவங்களுக்கு ரொம்பச் சிரமமா இருக்கு."

"எந்தப் போறவங்க வர்றவங்களுக்கு?"

"பொதுமக்களுக்கு," என்றேன்.

(ஆமாம், அதே வார்த்தைதான். டைப் அடித்து அடித்து எனக்கு வாயிலும் மனு நடைதான் வரும். உடம்பு கூசுகிறது.)

பெரியப்பா பல் குத்துவதை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, பொதுமக்கள் வந்துருக்காங்க. ஒரு காப்பி போட்டுக் கொண்டா."

அவர் கோபப்படவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கோபப்பட்டிருந்தால் அப்பா என்னை உரித்திருப்பார். காரணம் இருக்கிறது. எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் பெரியப்பா வயலைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆனியில் தண்ணீர் திறந்துவிட்டால், அவர் மடையைத் திறந்தால்தான் எங்கள் நாற்றங்கால் நனையும். அதனால் எங்கள் வீட்டில் வருடம் முழுக்கப் பெரியப்பாவுக்கு முன்னால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அப்பா அவர் எதிரில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

"கழிச்சுடுவோம், கழிச்சுடுவோம்," என்றார் பெரியப்பா. "எந் தம்பி மவ கேட்டு இல்லன்னா சொல்றது? அறுப்பும் முடிஞ்சுபோச்சு. அடுப்புக்கும் முள்ளு வேணும்."

கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். நான் என் வெற்றியில் மிதந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து ரோட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். தார் ரோடு போட்டது சர்க்காராக இருக்கலாம். பங்குனி பிறந்துவிட்டால் அது எங்கள் களம். உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பிவிட்டால், பஸ்ஸும் லாரியும் மிதித்து மிதித்துப் பயறு வேறு, சக்கை வேறாகப் பிரித்துக் கொடுத்துவிடும். கூலி கிடையாது, காப்பித் தண்ணி கிடையாது. டிரைவர்கள் திட்டிக்கொண்டே மிதிப்பார்கள். முதல் பஸ்ஸையும் வீணாக்கக் கூடாது என்று விடிவதற்கு முன்னாலேயே பரப்பி வைக்கிறவர்கள் உண்டு. உளுந்துக்குச் செய்கிற உபகாரத்தைப் பஸ் மற்றதற்கும் செய்யும் என்று கண்டுபிடித்தவர் பெரியப்பா. பச்சை முள்ளைக் கட்டாகக் கட்டினால் கை கிழியும். அதையே ரோட்டில் பரப்பினால், பஸ் ஏறி இறங்கி முள்ளின் திமிரை எல்லாம் நசுக்கிவிடும். அப்புறம் வைக்கோல் மாதிரி அள்ளிக் கட்டலாம். அவர் மூளைக்கு அவர் டெல்லியில் இருந்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் வீட்டில் படுத்துக்கொண்டு வேலியில் அரிவாள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை கேட்டது. எனக்காக ஒரு வேலி வெட்டப்படுகிறது! அம்மாவிடம், "பாத்தியா, கேக்க வேண்டிய மொறையில கேட்டா நடக்கும்," என்று உபதேசம்கூடச் செய்தேன். அம்மா அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அவளுக்கு இருபது வருஷ அனுபவம் கூடுதல்.

மறுநாள் விடியற்காலை அஞ்சேகாலுக்குக் கிளம்பினேன். நல்ல இருட்டு. டைனமோ விளக்கின் குணம் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: வேகமாக மிதித்தால்தான் வெளிச்சம். அதனால் நான் இருட்டில்தான் வேகமாகப் போவேன். ரோட்டில் திரும்பினேன். வேலி இருந்த இடம் வெறிச்சென்று வானம் தெரிய இருந்தது. ஆகா, என்ன அகலமான ரோடு என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் தார் முழுக்கக் கறுப்பாக ஏதோ பரப்பிக் கிடந்தது. உளுந்துச் செடி என்று முடிவு செய்தேன்.

உளுந்துச் செடி மேல் சைக்கிள் விடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெத்தை மேல் போகிற மாதிரி இருக்கும். மணியை அடித்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தேன்.

முதலில் முன்சக்கரம் பெருமூச்சு விட்டது, உடனே பின்சக்கரம். ஹேண்டில்பார் என் பேச்சைக் கேட்கவில்லை. சைக்கிள் வேலிப் பக்கம் சாய்ந்தது. அங்கே சும்மாவா இருந்தது? சாய்வாக வெட்டிவிட்ட அடிக்கட்டைகள் ஈட்டி ஈட்டியாக நின்றன. அவற்றில் ஒன்று என் தாவணியைப் பிடித்துக்கொள்ள, தாவணி அங்கேயும் நான் இங்கேயுமாக ஓரத்து வாய்க்காலில் போய் விழுந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வற்றிப்போய்ச் சேறு மட்டும் மிச்சம் இருந்தது. கை, முழங்கால், முதுகு எல்லாம் முள். இன்ஸ்டிட்யூட் சாவிக்கொத்து கூடையிலிருந்து தெறித்து எங்கேயோ போய்விட்டது.

நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தத் தாவணி தீபாவளிக்கு எடுத்த நைலெக்ஸ். அதற்காக அழுதேன். வேலை போகப் போகிறது, சைக்கிள் போகப் போகிறது என்பதெல்லாம் அந்த மண்டையில் ஏறவில்லை.

அப்போது எதிரில் இன்னொரு டைனமோ விளக்கு தெரிந்தது. ரொட்டி மாமா வந்துகொண்டிருந்தார். காரைக்காலில் அடுமனையிலிருந்து சுடச்சுட ரொட்டி எடுத்து, பெரிய தகரப் பெட்டியில் அடுக்கி, கேரியரில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிற முஸ்லிம் பெரியவர். அறுபது வயது இருக்கும். தினமும் அந்த இடத்துக்குக் கிட்டத்தில்தான் நாங்கள் எதிரெதிரே கடந்து போவோம். அவர், "பாத்துப் போ புள்ளே," என்பார். நான் அட்மினிஸ்ட்ரேட்டர் முகத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு தலையசைப்பேன்.

"மாமா, வராதீங்க! முள்ளு கெடக்கு!" என்று கத்தினேன்.

ஒரு பெண் பிள்ளை இருட்டில் அலறினால் நல்ல மனிதர் என்ன செய்வார்? வேகமாக வருவார். ரொட்டி மாமா நல்ல மனிதர். முள்ளின் நடுவில் வந்துதான் விழுந்தார். தகரப் பெட்டி திறந்துகொண்டு, நீள ரொட்டி, பன், வர்க்கி எல்லாம் அந்த முள் மெத்தையின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. இருட்டிலும் வாசனை மட்டும் பிரமாதமாக இருந்தது.

"யா அல்லா! எந்தப் பாவி போட்டது இது?" என்றபடி எழுந்தார். பிறகு சேற்றில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ரொட்டியைப் போர்த்தி வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இத மேல போட்டுக்க புள்ளே. மொதல்ல போட்டுக்க."

அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு நானும், முகத்தைத் திருப்பியபடியே அவரும், சேற்றைத் துழாவிச் சாவிக்கொத்தைக் கண்டுபிடித்தோம். அதற்குள் கிழக்கே வெளுத்துவிட்டது. அவர் உள்ளங்கையில் முள் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. கட்டையில் தொங்கிய தாவணியைப் பிய்த்து எடுத்துக்கொண்டேன், அது இரண்டாகிவிட்டது.

"வூட்டுக்குப் போயிடு," என்றார்.

"இல்ல மாமா, கதவு தொறக்கணும். புள்ளைங்க தெருவுல நிக்கும்."

"இந்தக் கோலத்துலயா?"

இந்தக் கோலத்தில்தான். எனக்குக் கடமை உணர்ச்சி பொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போய்விடலாம் என்று திட்டம் போட்டேன். சைக்கிளை என்ன செய்வது? "நான் தள்ளிக்கிட்டுப் போயி உன் வூட்டுல விட்டுடுறேன், எப்படியும் அந்தப் பக்கந்தான் போறேன்," என்றார் ரொட்டி மாமா. அப்போது அது எனக்கு மிக நல்ல யோசனையாகத் தோன்றியது.

பஸ் வந்தது. முன் விளக்கு இரண்டும் எங்கள் மேல் விழுந்தன. உள்ளே காரைக்கால் மார்க்கெட்டுக்குப் போகிற கீரைக்காரிகளிலிருந்து ஹைஸ்கூல் வாத்தியார் வரை அத்தனை பேரும் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள். அவர்கள் பார்த்தது: ஒரு குமரிப் பெண், தலைவிரி கோலம், உடம்பெல்லாம் சேறு, கிழிந்த தாவணி கையில், வெள்ளைத் துணி மேலே. பக்கத்தில் ஒரு பெரியவர் முள்ளிலிருந்து ஒவ்வொரு ரொட்டியாகப் பறித்துக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார். நான் நிமிர்ந்த தலையோடு ஏறி, "காரைக்கால் ஒண்ணு," என்றேன். பஸ் கிளம்பி அந்த முள் முழுவதையும் சடசடவென்று நசுக்கிக்கொண்டு போயிற்று. பெரியப்பா எதிர்பார்த்தபடியே மிகப் பதமாக நசுங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. பெண்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் வாப்பா வந்து ஹாஜியாரிடம் சத்தம் போட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஹாஜியார் என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். சாவியை வாங்கிக்கொண்டு, "ரத்தம் வருதும்மா. மருந்து போட்டுக்கிட்டு வூட்டுக்குப் போ," என்றார். ரிக்ஷா வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஊசி போட்டு, முள் எடுத்து, நான் திரும்பிப் பஸ் பிடித்து ஊருக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது.

அதற்குள் எங்கள் தெருவில் என்ன நடந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. ரொட்டி மாமா, சொன்ன சொல் தவறாமல், காற்றில்லாத இரண்டு சைக்கிளையும் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். காலை ஏழு மணி. குழாயடியில் தெருவே நிற்கிறது. என் பச்சை சைக்கிளைப் பார்த்தார்கள். அதன் மேல் நான் இல்லை. அவர் சட்டையில் ரத்தம். அவர் வாயைத் திறந்து விளக்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் அம்மாவிடம், "அக்கா, சைக்கிள் வந்துடுச்சு, பொண்ணு வரல!" என்று கூவிவிட்டாள். அம்மா அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். செய்தி ஊர்ப் பாலம் தாண்டுவதற்குள் நான் லாரியில் அடிபட்டிருந்தேன். அம்பகரத்தூர் பஸ்ஸில் செய்தி ஏறும்போது நான் யாருடனோ ஓடிப்போயிருந்தேன். நெடுங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டதாகக் கேள்வி. நான் உயிரோடும் தனியாகவும் பஸ்ஸைவிட்டு இறங்கியதில் சிலருக்கு வருத்தம்கூட இருந்தது.

மத்தியானம் பெரியப்பா வந்தார். சும்மா வரவில்லை, நொண்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் முள் ஏறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, "ஏய், யாராவது ஊக்கு கொண்டாங்க," என்றார். அம்மா ஊக்கை என் கையில் கொடுத்தாள். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து முள் எடுக்க வீட்டில் எனக்குத்தான் பார்வை கூர்மை. ஆக, என் வாழ்க்கைக்கான தீர்ப்பை நான் பெரியப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பொட்டப் புள்ளைக்கு சைக்கிள் எதுக்குன்னு நான் அன்னைக்கே கேட்டேன்," என்றார் பெரியப்பா. "மச்சான் வாங்கிக் கொடுத்தாருன்னா அதுக்கு? இப்பப் பாரு. பஸ்ஸு முழுக்கப் பாத்துருக்கான். ஊரு வாயி சும்மா இருக்குமா?"

அப்பா தூணோரம் நின்றபடி, "ஆமாண்ணே," என்றார்.

"அந்த ரொட்டிக்கார ஆளு அந்நேரத்துல அங்க எதுக்கு வந்தான்?"

அந்த மனிதர் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்நேரத்தில் அங்கே வந்துகொண்டிருக்கிறார். பெரியப்பாவே அவரிடம் தினமும் பன் வாங்குகிறவர். அப்பா அதற்கும், "ஆமாண்ணே," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "முள்ளு ரோட்டுல கெடந்துச்சுப்பா. அதுலதான் ரெண்டு டயரும்..."

"நான்தான் சாயந்தரமே உங்கிட்டச் சொன்னேனே தம்பி," என்று பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "பஸ்ஸுக்குப் பரப்பி வச்சிருக்கேன், மாட்ட அந்தப் பக்கம் ஓட்டாதேன்னு. சொன்னேனா இல்லியா?"

அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. "சொன்னீங்கண்ணே."

"அந்நேரத்துல மனுஷன் எவன் சைக்கிள்ல போவான்னுதானே போட்டேன்?"

நான் ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலமே தெரியும். மாட்டை மட்டும் ஞாபகமாக வேறு பக்கம் கட்டியிருக்கிறார். காலையில் நான் கிளம்பும்போது முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு போ என்று குரல் கொடுத்தார். வேண்டுமென்று செய்தாரா என்றால், இல்லை. என் நினைவே வரவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்று செய்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

முள்ளை எடுத்தேன். கொஞ்சம் ஆழமாகவே குத்தி எடுத்தேன். அதுதான் என் பழிவாங்கல், மொத்தமும். பெரியப்பா, "ஸ்ஸ்... அம்மா!" என்று காலை இழுத்துக்கொண்டு, வெளியே வந்த முள்ளை விரலில் வைத்துப் பார்த்தார். "இவ்ளோ நீளம்! கொம்யூன் பஞ்சாயத்துக்காரன் ரோட்டக் கூட்டுறதே இல்ல," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்றோடு சைக்கிள் நின்றது. பெரியப்பா மகன் சேகர் அண்ணனுக்குக் காரைக்கால் போய் சினிமா பார்க்க ஒரு வண்டி தேவைப்பட்டது. பஞ்சர் ஒட்டிக்கொண்டு அவர் எடுத்துக்கொண்டார். லேடீஸ் சைக்கிளாயிற்றே என்று அவர் கூச்சப்படவில்லை. கள்ளுக்கடையிலிருந்து திரும்பும்போது அதே வாய்க்காலில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறார். ஊரில் ஒரு சொல்லும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ரொட்டி மாமா வந்தார். கையில் கட்டுப் போட்டிருந்தார். வாசலிலேயே நின்று அப்பாவிடம் பேசியது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. ஹாஜியார் சொல்லியனுப்பியிருக்கிறார்: பெண்கள் வகுப்பை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார், சைக்கிள் வேண்டாம், பிள்ளை பஸ்ஸிலேயே வந்தால் போதும், முதல் பஸ் காரைக்கால் வரும்போது தானே வந்து நின்று அழைத்துப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன். அப்பா துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல பாய்," என்றார் கடைசியில். "அண்ணன் ஒத்துக்க மாட்டாரு. ஆனியில தண்ணி வேற வரும்."

ரொட்டி மாமாவுக்கு ஆனித் தண்ணீருக்கும் டைப்ரைட்டிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பின் தெரு வழியாகப் போய்விடுவார். அந்த வருஷம் எங்கள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் முதல் நாளே வந்தது. ஆவணியில் எனக்கு மாயவரம் பக்கத்தில் கல்யாணம். வீட்டுக்காரர் நல்லவர்தான். பிறகு நான் டைப் அடித்ததெல்லாம் என் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவு லெட்டர்களைத்தான், அதுவும் மனதுக்குள்.

எனக்கு நடந்தது இவ்வளவுதான். குடும்பத்துக்கு அதிலிருந்து ஒரு வேடிக்கை கிடைத்தது. "சைக்கிள் வந்துடுச்சு, பொண்ணு வரல" என்பது எங்கள் வீடுகளில் இன்றைக்கும் புழங்குகிறது. டிபன் கேரியர் வந்து மூடி வராவிட்டால் அதைத்தான் சொல்வார்கள். ஆள் வந்து மொய் வராவிட்டாலும் அதுதான். விசேஷ வீடுகளில் முழுக் கதையும் சொல்லப்படும். அன்று அந்த ரோட்டிலேயே இல்லாத என் வீட்டுக்காரர்தான் அதைப் பிரமாதமாகச் சொல்வார். நானும் கூடச் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்து பார்த்திருக்கிறேன்; "இன்னுமா கோவம்?" என்கிறார்கள்.

சமீபத்தில் சேகர் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் மகன் புது சம்பந்திகளுக்குக் கதையை ஆரம்பித்தான். பெரியப்பாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று. கேட்டுக்கொண்டே வந்த எனக்குத் திடுக்கென்றது. நான் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனேனாம். அதனால் வாய்க்காலில் விழுந்தேனாம். ரொட்டி பறந்தது, பஸ் வந்தது, அம்மா விழுந்தது எல்லாம் இருந்தது. முள் இல்லை. சொல்லிச் சொல்லி எப்போது அது உதிர்ந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் கேட்டதே அப்படித்தான்.

"ரோட்டுல முள்ளு கெடந்துச்சுப்பா," என்றேன். "உங்க தாத்தா பஸ்ஸுக்குப் போட்ட முள்ளு."

ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் கூடமே அதிரச் சிரித்தார்கள். "பாத்தீங்களா, அத்தை இந்த வயசுலயும் புதுசு புதுசா சேக்குறாங்க!" என்றான் அவன். சேகர் அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு முள்ளாம்! எவனாவது பஸ்ஸுக்கு முள்ளு போடுவானா?" என்று என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார்.

சாயங்காலம் தாமதமாக வந்தவர்களுக்கு அவன் மறுபடி கதை சொன்னான். இந்தத் தடவை முள்ளும் இருந்தது. "அத்தை என்ன சொல்றாங்கன்னா, தாத்தா முள்ளு போட்டு வச்சாராம்," என்றான். இப்போது இந்தக் கதையில் எல்லோரும் அதிகமாகச் சிரிக்கிற இடம் அதுதான்.